சூரியன் வராத அறைகள்

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், நாகமலை கூடவே வந்துகொண்டிருக்கும் இடத்தில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த வளாகத்தில் 1980களிலும் 90களிலும் ஓர் ஆளைத் தனியே அடைத்து வைக்கிற ஆய்வகம் ஒன்று இயங்கியது. உள்ளே போகிறவர் வாரக்கணக்கில் வெளியே வரமாட்டார். பகல் வெளிச்சம் கிடையாது, கடிகாரம் கிடையாது, ரேடியோ கிடையாது, செய்தித்தாளும் கிடையாது. அவர் எப்போது தூங்குகிறார், எப்போது எழுகிறார் என்பதை மட்டும் வெளியே குறித்துக்கொண்டிருப்பார்கள்.

அதே ஆண்டுகளில் அதே ஊரில் நான் ஒரு நாளிதழில் இரவுப் பணியில் இருந்தேன். சூரியனைப் பார்க்காமல் இருப்பதற்கு எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

இரவு டெஸ்க்கில் வேலை பார்த்தவர்களுக்கு இரவு ஒரே சீராக இருப்பதில்லை என்பது தெரியும். மொபசல் எடிஷன் போகும்வரை கை பரபரவென்று இருக்கும். பார்சல் வேன் கிளம்பிய பிறகு டீ வரும், அரட்டை வரும். சிட்டி எடிஷன் கடைசிப் பக்கம் முடிகிற நேரத்தில்தான் ஏதோ ஒன்று உடம்பைப் பிடித்துக் கீழே இழுக்கும். பசியிராது, ஆனாலும் வயிறு சங்கடம் பண்ணும். மே மாதத்திலும் லேசாகக் குளிரும். தலைப்பில் இருக்கிற பிழை கண்ணுக்கு எதிரே நிற்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். எங்கள் ஃபோர்மேன் ஒருவர், "மூணரைக்கு மேல வர்ற புரூஃபை ரெண்டு பேராப் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் மெஷின் பக்கம் போவார். விடிந்து ஆறு மணியானால், ராத்திரி முழுக்க விழித்திருந்த அதே ஆளுக்குத் தெம்பு திரும்பியிருக்கும். தூக்கம் வெறும் களைப்பு என்றால் ஆறு மணிக்கு நிலைமை இன்னும் மோசமாகத்தானே இருக்க வேண்டும்? ஏன் இப்படி மேலும் கீழுமாகப் போகிறது என்று படிக்கத் தொடங்கியதில்தான், இருட்டில் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்ட மனிதர்களின் வரலாறு எனக்குக் கிடைத்தது.

அந்த வரலாறு புளியமரத்தில் தொடங்குகிறது. அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஆண்ட்ரோஸ்தெனிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தின் இலைகள் பகலில் விரிந்து இரவில் கூம்புவதைக் குறித்து வைத்தார். அது புளி என்று பிற்காலத்தவர் அடையாளம் கண்டார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சங்கதி. சூரியன் வந்தால் விரிகிறது, போனால் மூடுகிறது என்று எல்லோரும் அத்தோடு விட்டுவிட்டார்கள். 1729இல் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் தெ மெய்ரான் ஒரு தொட்டாற்சுருங்கிச் செடியை எடுத்து இருட்டில் வைத்தார். வெளிச்சம் இல்லாமலே அது வேளைக்கு விரிந்தது, வேளைக்கு மூடியது. செடி எப்படியோ சூரியனை உணர்கிறது என்றுதான் அவர் நினைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1832இல், கந்தோல் என்ற தாவரவியலாளர் செய்த கவனிப்புதான் அந்த எண்ணத்தை உடைத்தது. வெளிச்சத்தில் மாற்றமில்லாத இடத்தில் வைத்த செடியின் சுற்று 24 மணி நேரமாக இல்லை, 22க்கும் 23க்கும் இடையில் இருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அது சூரியனை முந்திக்கொண்டே போனது. வெளியே இருந்து யாரோ மணி அடித்துக்கொண்டிருந்தால் இப்படி விலகாது. மணி உள்ளே இருக்கிறது.

இந்தத் துறை முழுவதும் நம்பியிருக்கிற உத்தி அன்றே கிடைத்துவிட்டது. சூரியனை எடுத்துவிட வேண்டும். பிறகு சுற்று எத்தனை மணி நேரத்துக்கு விலகுகிறது என்று அளக்க வேண்டும். செடிக்கு ஒரு பெட்டி போதும். மனிதனுக்கு என்ன செய்வது?

1938 ஜூன் மாதம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நத்தானியல் கிளைட்மன், தன் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனை அழைத்துக்கொண்டு கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள் போனார். அங்கே கோடையிலும் 12 டிகிரிதான், பகலும் இரவும் ஒரே இருட்டு. எலி ஏறாதபடி கட்டில் கால்களை டப்பாக்களில் நிறுத்திவைத்து 32 நாள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நாள் என்பது 28 மணி நேரம். 168 மணி நேரமுள்ள வாரத்தை ஏழாகப் பிரிக்காமல் ஆறாகப் பிரித்துக்கொண்டார்கள். இருபதுகளில் இருந்த மாணவரின் உடல் வெப்பம் அந்த 28 மணி நேரச் சுற்றுக்கு இசைந்து கொடுத்தது. நாற்பதைத் தாண்டிய ஆசிரியரின் உடம்போ கடைசிவரை பழைய 24ஐ விடவில்லை. அட்டவணைப்படி படுத்துக்கொண்டு விழித்துக் கிடந்தார். ஒரே குகை, ஒரே சாப்பாடு, ஒரே அட்டவணை. இருந்தும் இரண்டு உடம்பும் இரண்டு விதமாக நடந்தன. ஒரே ஷிப்டில் ஒருவர் கல் மாதிரி உட்கார்ந்திருக்க இன்னொருவர் வாடிப்போவதைத் தினம் பார்த்த எனக்கு இது புதிதாகப் படவில்லை.

கிளைட்மன் கையில் கடிகாரமும் அட்டவணையும் இருந்தன. இரண்டும் இல்லாமல் போனவர் மிஷேல் சிஃப்ர். 1962 ஜூலையில், 23 வயதில், ஆல்ப்ஸ் மலையில் 130 மீட்டர் ஆழத்தில் பனிப்பாறை கிடந்த ஸ்காராசோன் பிலத்துக்குள் இந்த நிலவியலாளர் தனியே இறங்கினார். ஈரமும் உறையவைக்கும் குளிரும் நிறைந்த இடம் அது. தூங்கப் போகும்போதும் எழும்போதும் சாப்பிடும்போதும் மேலே இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். மணி என்ன என்று அவர்கள் சொல்லக் கூடாது. நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணுவது அவருக்கான தேர்வுகளில் ஒன்று. இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய எண்ணிக்கைக்கு அவர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 14 அன்று சோதனை முடிந்துவிட்டது என்று சொன்னபோது, அவருடைய குறிப்பேட்டில் ஆகஸ்ட் 20 தான் ஆகியிருந்தது. மனத்தின் கணக்கு இப்படிக் கெட்டிருந்தும் உடம்பின் கணக்கு கெடவில்லை. அவருடைய விழிப்பும் தூக்கமும் சேர்ந்த ஒரு சுற்று சராசரியாக 24 மணி 30 நிமிடம் வந்தது. நேரத்தை நாம் எண்ணுவது வேறு, உடம்பு எண்ணுவது வேறு என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது.

1972இல் அதே சிஃப்ர் டெக்சாசின் மிட்நைட் குகைக்குள் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தார். அங்கே அவரை வாட்டியது தனிமை. ஒரு சுண்டெலியோடு சிநேகம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, அதைப் பிடிப்பதற்காகப் பாத்திரத்தைக் கவிழ்த்தபோது தவறுதலாக நசுக்கிக் கொன்றுவிட்டார். கடிகாரத்தைப் பற்றிய ஆய்வில் இது எதற்கு என்று தோன்றலாம். துணை என்பதும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். அது பின்னால் மதுரையில் வருகிறது.

குகையில் ஒருவரை வைத்து அளக்கலாம். நூறு பேரை அளக்கக் கட்டடம் வேண்டும். ஜெர்மனியில் யூர்கன் அஷாஃப் முதலில் மியூனிக்கில் ஒரு நிலவறையில் தன்னையே அடைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு ரூட்கர் வீவருடன் சேர்ந்து, 1960களில் பவேரியாவின் ஆண்டெக்ஸ் கிராமத்தருகே ஒரு பங்கர் கட்டினார். மடத்துச் சாமியார்கள் காய்ச்சும் பீருக்குப் பேர்போன ஊர். அடைபட்டவர்களுக்கும் தினம் ஒரு பாட்டில் உண்டு. வெளியுலகத்தோடு பேச்சு எல்லாம் கடிதம் வழியாகத்தான். அடுத்த 25 ஆண்டுகளில் 400 பேருக்கு மேல் அங்கே தங்கிப் போனார்கள். பெரும்பாலானோருக்குச் சுற்று 25 மணி நேரத்தை ஒட்டி வந்தது. சிலருக்கு விசித்திரமாக ஒன்று நடந்தது. உடல் வெப்பம் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கிக்கொண்டிருக்க, விழிப்பு-தூக்கச் சுற்று மட்டும் 30 மணி நேரத்தையும் தாண்டி நீண்டது. உடம்புக்குள் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன, வழக்கமாக அவை கைகோத்துப் போகின்றன, அவ்வளவுதான் என்று இதிலிருந்து புரிந்தது.

25 என்ற எண் பாடப்புத்தகங்களில் ரொம்ப நாள் இருந்தது. ஆண்டெக்ஸில் விளக்கைப் போடுவதும் அணைப்பதும் தங்கியிருப்பவர் கையில் இருந்தது. தூக்கம் வரும்வரை விளக்கு எரியும். அந்த ராத்திரி வெளிச்சமே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. 1999இல் ஹார்வர்டின் சார்ல்ஸ் சைஸ்லரும் குழுவினரும் கிளைட்மனின் 28 மணி நேர உத்தியையே மங்கலான வெளிச்சத்தில் செய்துபார்த்தார்கள். மனிதக் கடிகாரத்தின் சராசரி 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. அந்த 11 நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குகைகளில் இது நடந்துகொண்டிருக்க, கடிகாரம் மூளையில் எங்கே இருக்கிறது என்று வேறு சிலர் தேடினார்கள். முதல் தடயம் அதற்கு முன்பே ஒரு கொள்ளைநோயில் கிடைத்திருந்தது. 1917இல் வியன்னாவில் கான்ஸ்டான்டின் வான் எகனோமோ என்ற மருத்துவர், தூங்கிக்கொண்டே இருக்கும் நோயாளிகளையும் தூக்கமே வராத நோயாளிகளையும் ஒரே மூளை அழற்சி நோயில் பார்த்தார். இறந்தவர்களின் மூளையைத் திறந்தபோது, ஹைப்போதலாமஸின் பின்பகுதி பழுதானவர்கள் தூங்கிக் கிடந்தவர்கள் என்றும், முன்பகுதி பழுதானவர்கள் உறங்க முடியாமல் தவித்தவர்கள் என்றும் கண்டார். விழிக்க வைப்பதற்கு ஓரிடம், உறங்க வைப்பதற்கு ஓரிடம். பின்னர் அமெரிக்காவில் கர்ட் ரிக்டர், எலிகளின் உடலில் சுரப்பிகளையும் மூளைப் பகுதிகளையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். எதை எடுத்தாலும் சுற்று ஓடியது. ஹைப்போதலாமஸின் முன்பகுதியைத் தொட்டபோதுதான் குலைந்தது.

1972இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே இடத்தில் கை வைத்தன. சிகாகோவில் மூர், ஐக்லர். பெர்க்லியில் ஸ்டீஃபன், சுக்கர். இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு முடிச்சுகள் இருக்கின்றன. சூப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ் என்பது அவற்றின் பெயர். எலியில் ஒவ்வொன்றிலும் சுமார் 10,000 நரம்பணுக்கள். அவற்றை அழித்தபோது எலி தூங்காமல் இல்லை. தூங்கியது, குடித்தது, ஓடியது. எல்லாம் வேளை கெட்டுப்போய், துண்டு துண்டாக. எவ்வளவு தூங்குவது என்பது அங்கே தீர்மானமாவதில்லை, எப்போது என்பதுதான் தீர்மானமாகிறது.

அது உண்மையிலேயே கடிகாரம்தானா, வெறும் வழிப்பாதையா என்ற சந்தேகத்தை ஒரு ஹாம்ஸ்டர் தீர்த்தது. மரபணு மாற்றத்தால் சில ஹாம்ஸ்டர்களுக்குச் சுற்று 20 மணி நேரமாகச் சுருங்கியிருப்பதை மார்ட்டின் ரால்ஃபும் மைக்கேல் மெனக்கரும் 1988இல் அறிவித்தார்கள். அடுத்து, முடிச்சு நீக்கப்பட்டு வேளை தப்பி அலைந்த ஹாம்ஸ்டருக்கு இன்னொன்றின் முடிச்சுத் திசுவை வைத்தார்கள். 1990இல் முடிவு வந்தது. பெற்றுக்கொண்ட பிராணி, கொடுத்த பிராணியின் நேரப்படி நடந்தது. 20 மணி நேரத் திசு வைத்தால் 20, 24 மணி நேரத் திசு வைத்தால் 24.

ஒவ்வொரு நரம்பணுவுக்குள்ளும் அது எப்படி ஓடுகிறது என்பதற்கு விடை பழ ஈயில் இருந்தது. 1971இல் கொனோப்காவும் பென்சரும் ஈயின் நேரத்தைக் கெடுக்கும் ஒரு மரபணுவைக் கண்டார்கள். அந்த மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. புரதம் சேரச் சேர, தன்னைச் செய்த மரபணுவையே வாயடைக்கிறது. பிறகு அது சிதைகிறது, மரபணு மறுபடி வாய் திறக்கிறது. இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. இதை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இப்போது என் மூன்றரை மணிக்கு வருகிறேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தைக் கூட்டுகிறது. டீயும் காபியும் அதைக் கரைப்பதில்லை, அது போய் உட்காரும் இடத்தைத் தாங்கள் பிடித்துக்கொள்கின்றன. இது ஒரு கணக்கு. இன்னொரு பக்கம் கடிகார முடிச்சு, மாலையில் விழிப்பைத் தூக்கிப்பிடித்துவிட்டு, இரவானதும் கையை எடுத்துவிடுகிறது. தண்டுவடத்தில் இறங்கி, கழுத்து நரம்பு முடிச்சு வழியாக மறுபடி தலைக்கு ஏறும் ஒரு சுற்றுப் பாதையில் செய்தி அனுப்பி, பீனியல் சுரப்பியில் மெலடோனின் என்ற ஹார்மோனைத் திறந்துவிடுகிறது. உடல் வெப்பம் விடியலுக்கு முன்னால் அடிமட்டத்துக்கு வருகிறது. சூரிக் நகரின் அலெக்சாண்டர் போர்பே 1982இல் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்து ஒரே படமாக வரைந்தார். இரண்டும் சேர்ந்து ஆளைக் கவிழ்க்கும் நேரம்தான் மூன்றரை. ஆறு மணிக்கு அடினோசின் குறைந்திருக்காது. கடிகாரம் ஏற்றத்தில் இருக்கும். தெம்பு வந்ததுபோல் தோன்றியதன் சூட்சுமம் அதுதான்.

மதுரைக்கு வருவோம். அந்த வளாகத்து ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த எம்.கே. சந்திரசேகரன், சென்னைக் கடற்கரை மணலில் புதைந்து வாழும் சிறு நண்டுகள், ஆய்வகத்திலும் கடல் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஓடியாடுவதை ஆராய்ந்தவர். பிறகு ஜெர்மனியின் டூபிங்கனில் எர்வின் புன்னிங்கிடம் போனார். அவரைச்செடிகளைக் கலப்பினம் செய்து, சுற்றின் நீளம் பரம்பரையாக வருகிறது என்று காட்டியவர் புன்னிங். திரும்பி மதுரைக்கு வந்த சந்திரசேகரனுக்கு, செலவு செய்து பங்கர் கட்டும் முன்பே இயற்கை கட்டிக்கொடுத்த இருட்டறைகள் கிடைத்தன. பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள குன்றுகளின் குகைகளும் அவற்றில் குடியிருக்கும் வௌவால்களும்தான் அவை.

குகையின் ஆழத்தில் பகலும் இல்லை, இரவும் இல்லை. ஆனால் பொழுது சாய்ந்ததும் வௌவால்கள் சரியாகக் கிளம்புகின்றன. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் ஒரு வௌவாலைக் கூண்டிலிட்டுக் குகையின் கும்மிருட்டில் வைத்தார்கள். சுற்றிலும் அதன் இனத்தார் தினமும் வெளியே போய் வந்துகொண்டிருந்தவரை, கூண்டிலிருந்ததும் அவர்களோடு ஒத்த வேளையில் படபடத்தது. கூட்டம் இல்லாத இருட்டில் வைத்தபோது அது தன் சொந்தப் போக்கில் விலகியது. 1981இல் இது வெளியானது. வெளிச்சத்துக்கும் அந்தக் கடிகாரம் மந்தமில்லை. நட்சத்திர ஒளியைவிட மங்கலான வெளிச்சமும் அதைத் திருத்தப் போதும் என்றும், அரை மில்லி நொடி மின்னும் ஒரு ஃபிளாஷும் அதை நகர்த்தும் என்றும் ஜோஷியும் சந்திரசேகரனும் காட்டினார்கள்.

வயல் சுண்டெலியில் இன்னும் நெருக்கமாகப் பார்த்தார்கள். இருட்டில் குட்டிகளோடு தாய் எலியை 12 மணி நேரம் விட்டு, 12 மணி நேரம் எடுத்துவிட்டால், அந்த வரவும் போக்குமே குட்டிகளின் கடிகாரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. 1985இல் விஸ்வநாதனும் சந்திரசேகரனும் நேச்சர் இதழில் எழுதியது இது. இதற்கெல்லாம் பிறகு மனிதர்கள் வளாகத்து அறைக்குள் போனார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் விழிப்பு-தூக்கச் சுற்று தனிமையில் 24 மணி நேரத்தை விட்டு விலகியும், மாதவிலக்குச் சுற்று அதோடு சேர்ந்து நகரவில்லை என்று 1991இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். உடம்பு எல்லா நாட்களையும் ஒரே கடிகாரத்தில் எண்ணுவதில்லை.

கூட்டாளிகள் நம்மையும் இப்படிப் பிடித்து நிறுத்துவார்களா? அஷாஃப் 1971இல், முழு இருட்டில் இருந்தவர்களும் மணியோசை ஒழுங்கில் வாழ்ந்தால் 24ஐ விட்டு விலகவில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் பார்வையோடு வெளிச்ச உணர்வும் முற்றிலும் போனவர்களில் பலருக்கு, வேலையும் குடும்பமும் அலாரமும் இருந்தும் தூக்கம் நாளுக்கு நாள் தள்ளிப் போகிறது. எனவே நமக்கு வெளிச்சம்தான் கை ஓங்கியது. அந்த வெளிச்சம் பார்வைக்கான உயிரணுக்களை மட்டும் நம்பி உள்ளே போவதில்லை. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி உள்ள தனி உயிரணுக்கள் நேரே கடிகார முடிச்சுக்குக் கம்பி இழுத்திருக்கின்றன என்பது 2002இல் உறுதியானது. ஆகவே இரவு வேலை முடித்து வீடு போகிறவனுக்குக் காலை வெயில் ஒன்றைச் சொல்கிறது, தெருவின் இரைச்சலும் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளும் அதையே வழிமொழிகிறார்கள். எதிர்ப்பக்கம் நிற்பது அவனுடைய ரோஸ்டர் மட்டும்தான்.

அந்த ரோஸ்டரில்தான் எனக்குத் தீராத வழக்கு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வாரம் இரவு, மறு வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் காலை என்று சுழலும். வேலை தொடங்கும் நேரம் வாராவாரம் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும். நம் கடிகாரமோ 24 மணி 11 நிமிடம். அதற்கு நாளை நீட்டுவது சுலபம், சுருக்குவது கஷ்டம். மேற்கே பறந்தவர் சீக்கிரம் தேறுவதும் கிழக்கே பறந்தவர் திணறுவதும் இதனால்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உப்பு ஏரிக் கரையில் இருந்த ஒரு தாதுத் தொழிற்சாலையில் இதே இரவு-மாலை-காலை வரிசை இருந்தது. சைஸ்லர் குழு அதைக் காலை-மாலை-இரவு என்று திருப்பி, வாரத்துக்கொருமுறை மாற்றுவதை மூன்று வாரத்துக்கொருமுறை என்று ஆக்கியது. ஆட்களின் புகார்கள் குறைந்தன, வேலையை விட்டுப்போனவர்கள் குறைந்தார்கள், உற்பத்தி கூடியது. இந்த முடிவு 1982இல் சயின்ஸ் இதழில் வந்தது.

குகையில் குளிரில் கிடந்தவர்களும் பங்கரில் தனியே பீர் குடித்தவர்களும் சேர்த்துக் கொடுத்த அறிவு, ஷிப்ட் எழுதும் நோட்டில் வந்து இறங்கிய இடம் அது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரவு வேலையை உலகத்தால் விட முடியாது. ஆஸ்பத்திரி திறந்திருக்க வேண்டும், ரயில் ஓட வேண்டும், காலையில் பேப்பர் வீட்டு வாசலில் விழ வேண்டும். ஆனால் மூன்று ஷிப்டையும் எந்த வரிசையில் எழுதுவது என்பதற்கு ஒரு பைசா செலவில்லை. ரோஸ்டர் போடுகிற இடத்தில் இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், இந்த வாரப் பட்டியலை எடுத்து ஒருமுறை பார்க்கட்டும். இரவுக்கு அடுத்து மாலை என்று இருந்தால், அடித்துவிட்டுத் திருப்பி எழுதட்டும்.